பொழுது விழுங்கிய கருப்பொருள்: பெரும்படலக் கருப்பு வெள்ளை ஒளிப்படங்களில் ‘வனாந்தரம்’ – ஒரு திணைநோக்கு

முழுநேர முனைவர்பட்ட ஆய்வாளர், மேடவாக்கம், சென்னை

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் இல்லாத மலை, அருவி, பள்ளத்தாக்கு ஆகியவற்றைப் பெரிய தகட்டில் கருப்பு வெள்ளையாகப் பதிவுசெய்யும் ஒளிப்பட மரபு 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. இப்படங்கள் காட்டும் வெறுமை நிலத்தின் இயல்பா, கருவியின் விளைவா என்னும் வினாவைத் தொல்காப்பியர் கூறும் முதல், கரு, உரி என்னும் பகுப்பின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது. லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்த யானைமலைப் படம், நீலகிரிப் படங்கள், சாமுவேல் போர்னின் இமயமலைப் படங்கள், ஆன்சல் ஆடம்சின் யோசெமிட்டிப் படம் ஆகியன ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. நீண்ட ஒளியூட்டல் நேரம் நிலத்தின் கருப்பொருளை நீக்கி, முதற்பொருளை மட்டும் எஞ்சவிடுகிறது என்பதும், அவ்வாறு எஞ்சியதே ‘வனாந்தரம்’ எனப் பெயர்பெற்றது என்பதும், இப்பார்வையில் இடம்பெறாத பள்ளிக்கரணை போன்ற சதுப்புநிலங்கள் பாழ்நிலமாகக் கருதப்பட்டதற்கு இப்பார்வையும் ஒரு துணைக்காரணம் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: திணை, முதற்பொருள், கருப்பொருள், பொழுது, வனாந்தரம், பெரும்படல ஒளிப்படம், யானைமலை, நீலகிரி, கழுவெளி, பள்ளிக்கரணை.

1. முன்னுரை

ஒளிப்படக்கலையில் நான்குக்கு ஐந்து அங்குலமோ அதனினும் பெரிதோ ஆன தனித்தகட்டில் எடுக்கப்படும் படத்தைப் பெரும்படல ஒளிப்படம் என்பர். 19ஆம் நூற்றாண்டில் நெகட்டிவை அச்சுத்தாளோடு நேரடியாக ஒட்டவைத்தே படம் அச்சிடப்பட்டது. ஆகவே பெரிய படம் வேண்டுவோர் பெரிய தகட்டையும், அதைத் தாங்கும் பெரிய கருவியையும் சுமந்தாக வேண்டும். பிற்காலத்தில் சிறிய படச்சுருள்கள் வந்த பின்னரும், நிலக்காட்சியை எடுப்போருள் ஒரு சாரார் பெரிய தகட்டையும் கருப்பு வெள்ளையையும் கைவிடவில்லை. பாறையின் வெடிப்பு, தொலைமலையின் விளிம்பு, நிழலுக்குள் இருக்கும் மரப்பட்டை என அனைத்தையும் ஒருசேரத் துலக்கிக் காட்டும் ஆற்றல் அத்தகட்டுக்கு இருந்ததே அதற்குக் காரணம்.

இம்மரபைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் இரு போக்குகளில் அமைகிறது. ஒன்று, ஒளி, நிழல், அமைப்பு ஆகியவற்றை வியக்கும் அழகியல் போக்கு. மற்றொன்று, காலனிய ஆட்சியின் பார்வையாகப் படத்தை வாசிக்கும் வரலாற்றுப் போக்கு. முதலாவது நிலத்தில் வாழ்ந்தவரைக் கேட்பதில்லை. இரண்டாவது கருவியின் இயல்பைப் போதிய அளவு கருதுவதில்லை. நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருளாகக் கொள்ளும் திணைக்கோட்பாடு இவ்விரு குறைகளையும் நிரப்பக்கூடும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய நிர்மல் செல்வமணி திணையைச் சூழலியல் கோட்பாடாக விரித்தெடுத்ததைத் தொடர்ந்து, இலக்கியப் பனுவல்களுக்கு அக்கோட்பாடு பரவலாகப் பொருத்திப் பார்க்கப்பட்டுள்ளது. அதனை இக்கட்டுரை ஒளிப்படத்திற்குப் பொருத்திப் பார்க்கிறது.

2. காடு, வனாந்தரம், பாலை

மனிதர் கைபடாத பெருநிலம் என்னும் பொருளுக்குத் தமிழில் நேரான சொல் இல்லை என்பது இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி. ‘காடு’ என்னும் சொல் அப்பொருளைத் தருவதுபோல் தோன்றினாலும், வழக்கில் அதன் எல்லை மிகவும் விரிந்தது. கொங்கு வட்டாரத்தில் உழுது விதைக்கும் புன்செய் நிலமே காடு. ‘காடு கழனி’ என்னும் தொடரில் அது உடைமை. சுடுகாடு, இடுகாடு என்னும் சொற்களில் அது ஊரின் இன்றியமையாத ஒரு பகுதி. முல்லை நிலத்தைக் காடு சார்ந்ததாக வகுத்த இலக்கணமும் அங்கே ஆயரையும் ஆநிரையையும் வரகையும் சேர்த்தே வைத்தது.

‘வனாந்தரம்’ என்னும் வடசொல்லுக்கு ஆளற்ற வறுநிலம் என்னும் அழுத்தமான பொருள் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளின் வழியாகப் பரவலாயிற்று. தனிமை, சோதனை, கடவுளின் நேர்முன்னிலை ஆகிய கருத்துகள் அச்சொல்லோடு இணைந்தன. அமெரிக்க வரலாற்றாய்வாளர் வில்லியம் குரோனன் 1995இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், கைபடாத இயற்கை என்பது இயற்கையில் இருக்கும் ஒன்றன்று, பண்பாடு படைத்த ஒன்று என வாதிட்டார். இப்படைப்பு எவ்வழியில் நிகழ்ந்தது என்பதே அடுத்து எழும் வினா. இவ்விடத்தில் தமிழ் மரபு ஒரு கருவியைத் தருகிறது.

தொல்காப்பியம் நிலம் நான்கெனக் கொண்டு, பாலைக்குத் தனிநிலம் வகுக்காமல் விடுகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரக் காடுகாண் காதை விளக்குகிறது. எனவே பாலை ஓர் இடமன்று, ஒரு நிலைமை. வேனிலும் நண்பகலுமாகிய பொழுது நிலத்தின்மீது செயற்பட்டு அதனை உருவாக்குகிறது. வெறுமையை நிலத்தின் பிறவிக்குணமாகக் கொள்ளாமல், பொழுதின் விளைவாகக் கண்ட இந்நோக்கு ஒளிப்பட வெறுமையை ஆராயவும் பொருந்தும். கருவிக்குள்ளும் ஒரு பொழுது செயற்படுகிறது.

3. கருவியின் பொழுது

1850களில் இந்தியாவில் வழங்கிய முறைகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. மெழுகூட்டிய தாளில் எடுக்கும் முறையில் தாளை முன்கூட்டியே பக்குவப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒளி பதிய நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டின்மீது கரைசலைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உருத்துலக்கியும் முடிக்க வேண்டும். அதற்கு மலையுச்சியிலும் இருட்டுக்கூடாரம் தேவைப்பட்டது. ஒளிபடும் நேரம் சில நொடிகளாகக் குறைந்தது எனினும், நிலக்காட்சியில் அது அசைவை நிறுத்தப் போதியதாக இல்லை.

இம்முறைகளின் விளைவுகள் மூன்று. முதலாவது, அசைவன மறைந்தன. மேயும் எருமை, பறக்கும் கொக்கு, விறகு சுமந்து நடப்பவர் ஆகியோர் தகட்டில் கறையாகவோ மங்கலாகவோ பதிந்தனர், அல்லது பதியாமலே போயினர். ஓடும் நீர் பஞ்சுபோல் ஆயிற்று. இரண்டாவது, அன்றைய வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்தமையால் வானம் வெளுத்து வெறுந்தாளாயிற்று, முகில் மறைந்தது, பசுமை கருத்தது. மூன்றாவது, அசையாதன மட்டும் வியத்தகு நுணுக்கத்தோடு பதிந்தன. பாறை அவற்றுள் தலையாயது.

இதனைத் திணைச்சொல்லால் கூறுவதாயின், கருப்பொருள் எனத் தமிழ் இலக்கணம் பட்டியலிடும் மா, புள், மக்கள், தொழில், பறை, யாழ் ஆகியவற்றுள் உயிருள்ளன அசைவன. தொழில் அசைவில் நிகழ்வது. பறையும் யாழும் ஒலிப்பன. அசைவும் ஒலியும் பதியாத தகட்டில் இவை அனைத்தும் உதிர்ந்து, நிலம் மட்டும் தங்குகிறது. கருவிக்குள் செயற்பட்ட பொழுது கருப்பொருளை விழுங்கிவிட்டது. கருப்பொருள் அற்ற நிலத்தில் உரிப்பொருள் தோன்ற வழியில்லை. அவ்விடத்தைப் பார்வையாளரின் வியப்பு நிரப்புகிறது. மலையின் முன் தனியே நின்று மலைத்துப்போகும் ஒருவரின் உணர்வு, அம்மலையில் தேனெடுத்தவரின் உணர்வுக்கு மாற்றாக அமர்கிறது.

கருவியின் இக்குறை தொழில்நுட்பம் வளர்ந்ததும் நீங்கியிருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எல்லா நிறங்களுக்கும் வினைபுரியும் தகடுகள் கிடைத்தன. ஒளிபடும் நேரமும் நொடியின் சிறுபகுதியாகக் குறைந்தது. ஆயினும் வெறுமை நீங்கவில்லை. தொடக்கத்தில் கட்டாயமாக இருந்தது பின்னர் அழகியல் விதியாயிற்று. இவ்வாய்வு கவனப்படுத்த விரும்பும் திருப்பம் இதுவே.

4. யானைமலை, 1858

சென்னை மாகாண அரசு 1856இல் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப்பை அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தியது. 1857 இறுதியில் தொடங்கிய பயணத்தில் அவர் சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. கோயில்களும் கோட்டைகளுமே அவற்றுள் மிகுதி. அவற்றிடையே மதுரைக்கு வடகிழக்கே உள்ள யானைமலையின் படமும் உண்டு. ‘யானைப்பாறை, முனைப்புறத் தோற்றம்’ என அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்கலாம்.

சமவெளியிலிருந்து திடீரென எழும் ஒற்றைப் பாறைத்திரள், அடியில் மரங்கள், பின்னே வெளிறிய வானம் என்னும் அளவில் அமைந்த படம் அது. ‘முனைப்புறத் தோற்றம்’ என்பது நில அளவையாளரும் பொறியாளரும் வரைபடத்தில் எழுதும் சொல். ஒரு பொருளை நீளவாக்கிலும் முனையிலும் நோக்கி அதன் கட்டமைப்பை அறிவது அவர்கள் முறை. யானை படுத்திருப்பதாக மலையைக் கண்டு பெயரிட்ட ஊராரின் கண், கண்டதை உயிராக்கியது. டிரைப்பின் தலைப்பு அதை மீண்டும் பாறையாக்குகிறது.

இப்படத்தில் இல்லாதவற்றை எண்ணிப் பார்ப்பது தகும். யானைமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டோடு கூடிய குகைத்தளம் உண்டு. சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துப் பொறிப்புகளும் உண்டு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770இல் எடுப்பித்த நரசிங்கப்பெருமாள் குடைவரையும், லாடன் கோயில் எனப்படும் முருகன் குடைவரையும் அம்மலையின் அடிவாரத்தவை. ஈராயிரம் ஆண்டுகளாக மனிதர் தங்கியும் செதுக்கியும் வழிபட்டும் வந்த மலை அது. முனைப்புறத்தில் நின்று எடுத்த தகட்டில் அது மனிதருக்கு முந்திய ஒன்றாகத் தோன்றுகிறது.

டிரைப் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் எனக் கூறுவது பொருந்தாது. தஞ்சைப் பெரியகோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டுதுண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடியையும் கடந்து நீளும் ஒரே சுருளாக்கியவரும் அவரே. எழுத்தைத் தேடிச் சென்றபோது அவரது தகடு எழுத்தைக் காட்டியது. பாறையைத் தேடிச் சென்றபோது பாறையைக் காட்டியது. மலை என்றால் மனிதரை விலக்கிப் பார்க்க வேண்டியது என்னும் முன்முடிவு கருவிக்கு உரியதன்று, அதைப் பயன்படுத்திய பண்பாட்டுக்கு உரியது. கருவி அம்முன்முடிவுக்கு வசதி செய்து கொடுத்தது.

இதன் விளைவு அருங்காட்சியகச் சுவரோடு நிற்பதன்று. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010இல் எழுந்தபோது சுற்றியுள்ள ஊர்மக்கள் அதனை எதிர்த்தனர். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று நடத்திவரும் ‘பசுமை நடை’ அக்காலத்தில் உருப்பெற்று, மக்களை மலைக்கே அழைத்துச் சென்று கல்வெட்டையும் சிற்பத்தையும் அறியச் செய்தது. வெறும் கல்லாகக் காணப்படும் மலை செதுக்குவதற்கான மூலப்பொருளாகிவிடுகிறது. அங்கு ஏற்கெனவே செதுக்கியவர்கள் உண்டு என நிறுவுவதே அதைக் காக்கும் வழியாயிற்று.

5. நீலகிரி: புல்வெளியின் வெறுமை

சமவெளிப் பாறையினும் நீலகிரியின் மேல்மலைப் புல்வெளி இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டும். 1860களின் இறுதியில் சாமுவேல் போர்னும், 1870களிலிருந்து உதகையில் ஒளிப்பட நிலையம் நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென்னும் இம்மலைகளைக் கண்ணாடித் தகடுகளில் பதிவுசெய்தனர். உருண்ட குன்றுகள், மடிப்புகளில் திட்டுத்திட்டாகக் கருத்த சோலைகள், இடையே வெளிறிய புல் என்னும் அமைப்பு நீலகிரிக் காட்சிகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. நீல ஒளிக்கு மட்டும் வினைபுரியும் தகட்டில் சோலை இருட்டாகவும் புல் வெளிச்சமாகவும் பிரிவதால், காட்சி வடிவக் கணிதம்போல் தெளிவு பெறுகிறது.

அப்புல்வெளி தொதவரின் எருமைகள் மேயும் நிலம். அவர்தம் மந்துகளும் பால்மனைகளும் அதனைச் சார்ந்தே அமைந்தன. படகர், கோத்தர், குறும்பர் ஆகியோருடன் தொதவர் கொண்ட கொடுக்கல் வாங்கலும் அம்மேய்ச்சலைச் சார்ந்தது. ஆட்சியாளரின் வகைப்பாட்டிலோ மரமில்லாத புல்வெளி பயனற்ற தரிசு. அங்குத் தைலமரமும் சீகைமரமும் நடப்பட்டன. மேல்மலைப் புல்வெளியின் பெரும்பகுதி அவ்வகையில் அழிந்தது.

பென்னின் படங்களில் தொதவர் இல்லாமலில்லை, தனியே உள்ளனர். மந்தின்முன் வரிசையாக நிற்கவைக்கப்பட்ட தொதவர் படங்கள் ஒரு வகை; ஆளற்ற குன்றுகளின் படங்கள் மற்றொரு வகை. மக்கள் இனவரைவியல் தொகுதிக்கும், நிலம் காட்சித் தொகுதிக்கும் சென்றன. கருப்பொருளையும் முதற்பொருளையும் வெவ்வேறு உறைகளில் இட்டுவைத்த இப்பிரிப்பே அக்காலப் படத்தொகுப்பு முறையின் அடிப்படைக் குறை எனலாம். ஒரே குன்றின் மேய்ச்சலையும் அதன் மேய்ப்பரையும் ஒருசேரக் காண இன்றைய ஆய்வாளர் இரண்டு தொகுதிகளையும் அருகருகே விரிக்க வேண்டியுள்ளது.

6. சுமந்தவர்களும் துரத்தப்பட்டவர்களும்

போர்ன் 1863 முதல் 1866 வரை மூன்று முறை இமயமலைக்குள் பயணம் செய்தார். கண்ணாடித் தகடுகள், வேதிப்பொருள்கள், கூடாரம், உணவு ஆகியவற்றைச் சுமக்க முதற்பயணத்தில் ஏறத்தாழ 30 பேரும், மூன்றாம் பயணத்தில் ஏறத்தாழ 80 பேரும் தேவைப்பட்டனர். 1866இல் 18,000 அடிக்கும் மேற்பட்ட மணிருங் கணவாயில் அவர் எடுத்த படங்கள், அதுவரை உலகில் எடுக்கப்பட்டவற்றுள் மிக உயரமான இடத்தில் எடுக்கப்பட்டவை. ஆளரவமற்ற பனிமலையைக் காட்டும் அக்காட்சிக்குப் பின்னே ஓர் ஊர் அளவு மக்கள் நின்றிருந்தனர். அவருடைய படங்கள் சிலவற்றில் பாறையருகே ஓரிருவர் நிற்பர். அது பெரும்பாலும் மலையின் பேரளவை உணர்த்துவதற்கே. அசையாது நிற்க இசைந்த மனிதர் மட்டுமே தகட்டில் தங்கினார்; அவரும் அளவுகோலாகவே தங்கினார்.

அமெரிக்காவில் இதே காலத்தில் நிகழ்ந்தது இன்னும் கடுமையானது. கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851இல் மாரிபோசாப் படையணி தாக்கித் துரத்தியது. பத்தாண்டுகளுக்குப் பின் 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் 18க்கு 22 அங்குலமான மாபெரும் தகடுகளில் அப்பள்ளத்தாக்கைப் படமெடுத்தார். 1864இல் அமெரிக்க அரசு அதனைப் பொதுப்பயனுக்காக ஒதுக்கியது. அம்முடிவுக்கு ஆதரவு திரட்டியதில் வாட்கின்சின் படங்களுக்கும் பங்குண்டு என்பர். பாதுகாக்கப்பட்ட நிலம் என்னும் உலகளாவிய கருத்தின் தொடக்கங்களுள் ஒன்றான இந்நிகழ்வில், படத்தின் வெறுமை ஒளியூட்டல் நேரத்தால் மட்டும் விளைந்ததன்று. கருவி வருமுன்பே படை அங்கு வந்து சென்றிருந்தது.

அதே பள்ளத்தாக்கில் 1927 ஏப்ரல் 10ஆம் நாள் ஆன்சல் ஆடம்ஸ் ஆறரைக்கு எட்டரை அங்குலத் தகட்டில் ஹாஃப் டோம் பாறையின் முகப்பை எடுத்தார். மஞ்சள் வடிகட்டியோடு ஒரு தகட்டை எடுத்தபின், எஞ்சிய கடைசித் தகட்டில் அடர்சிவப்பு வடிகட்டியைப் பயன்படுத்தினார். நீலவானம் ஏறத்தாழக் கருமையாயிற்று. பாறை அதன்முன் தெய்வத் திருமேனிபோல் எழுந்தது. டிரைப்பின் காலத்தில் வானம் வெளுத்தது வேதியியலின் கட்டாயம். ஆடம்சின் தகட்டில் வானம் கருத்தது கலைஞரின் தெரிவு. கண்ட காட்சியன்று, உணர்ந்ததே படமாக வேண்டும் என்பது அவர் வாதம். அவரும் நண்பர்களும் 1932இல் தொடங்கிய குழுவுக்கு வில்லையின் மிகச்சிறு துளை அளவான எஃப்/64 என்பதையே பெயராக வைத்தனர். துளை சிறிதாகும்தோறும் துலக்கம் கூடும். ஒளிபட வேண்டிய நேரமும் நீளும். விரைந்த கருவிகள் கைவசம் இருந்தும், நின்ற பொழுதையே இம்மரபு தனக்கென மீண்டும் தெரிந்துகொண்டது.

7. திணைநோக்கின் எல்லை

இவ்வாதத்திற்கு இரு மறுப்புகள் எழலாம். அவற்றை எதிர்கொள்ளாமல் மேலே செல்வது முறையாகாது.

முதல் மறுப்பு, திணை மரபும் நிலத்தை உள்ளவாறு காட்டியதில்லை என்பது. அகப்பாடலில் வரும் குறவரும் பரதவரும் வகைமாதிரிகளே. அவர்தம் பசியும் வரியும் அங்குப் பேசப்படுவது குறைவு. இது உண்மை. தமிழ்ச் சூழலியல் திறனாய்வு சில வேளைகளில் திணையை இழந்துபோன பொற்காலமாகப் போற்றுவதில் முடிந்துவிடுகிறது. இக்கட்டுரை திணையைக் கொள்வது அவ்வகையில் அன்று. எந்த நிலத்தைக் காட்டினாலும், ‘இதன் கருப்பொருள் எங்கே? எப்பொழுதில் இது இவ்வாறு ஆயிற்று?’ எனக் கேட்கும் கடமையைத் திணை நம்மீது சுமத்துகிறது. அவ்வினாவே இங்கு வேண்டப்படுவது.

இரண்டாம் மறுப்பு, பெரிய தகடு மறைப்பதைவிடக் காட்டுவதே மிகுதி என்பது. இதுவும் உண்மையே. சிறு படத்தில் புலப்படாத ஒற்றையடிப் பாதை, வரப்பு, எரிந்த புல், வெட்டிய அடிமரம் ஆகியவற்றைப் பெரிய தகடு எடுத்தவரின் நோக்கத்தையும் மீறிக் காத்துவைத்திருக்கும். நீலகிரிப் புல்வெளி இருந்த எல்லையை அறிய 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் இன்று சான்றாகக்கூடும். ஆகவே இப்படங்களைத் தள்ளுவதன்று நம் பணி. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு மீண்டும் வாசிப்பதே பணி. அசைவன விழுங்கப்பட்டாலும் அசைந்தவற்றின் தடம் அசையாது. தடங்களில் கருப்பொருளைத் தேடலாம்.

கருப்பு வெள்ளை மட்டுமே இவ்வெறுமைக்குக் காரணமன்று என்பதற்கு நம்மிடையே ஒரு சான்றுண்டு. புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகனும், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையை எழுதியவருமான மா. கிருஷ்ணன் (1912–1996) வாழ்நாள் முழுவதும் கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியோடு முதுமலை முதலிய காடுகளில் நடந்து திரிந்தார். பெரும்படல மரபினர் மலையின்முன் முக்காலியை ஊன்றி நின்றனர். இவர் யானையின் அசைவுக்கேற்பத் தாமும் அசைந்தார். இவருடைய காட்டில் உயிர்கள்தாம் முன்னிற்கும். நிலம் அவற்றின் வாழிடமாகத் துணைநிற்கும். நிறமின்மை ஒன்றாக இருந்தும் காட்சி வேறுபட்டமைக்குக் காரணம் பொழுதைக் கையாண்ட முறையே.

8. கழுவெளியின் முன்

வனாந்தர மரபு செங்குத்தானவற்றை நாடுவது. பாறை, சிகரம், அருவி, முதுமரம் ஆகியவை அதன் தலைவர்கள். கிடையாகப் பரந்த நீரும் கோரையும் சேறும் அதற்குக் காட்சியே அல்ல. அமெரிக்காவில் முதல் தேசியப்பூங்கா 1872இல் அமைந்தது. காட்சிப் பெருமைக்காக அன்றி உயிர்வளத்திற்காகவே ஒதுக்கப்பட்ட எவர்கிளேட்ஸ் சதுப்புநிலப் பூங்கா 1947இல்தான் திறக்கப்பட்டது. இவ்விடைவெளியில் அழகியலின் பங்கு சிறிதன்று.

பின்னாளில் கிளைடு பட்சர் என்னும் ஒளிப்படக்காரர் நீருக்குள் முக்காலியை நட்டு, எட்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டுக்கு இருபது அங்குலம் வரையிலான படலங்களில் அச்சதுப்பைக் கருப்பு வெள்ளையாக எடுத்துப் புகழ்பெற்றார். சதுப்பு அழகற்றது என்னும் எண்ணத்தை அவர் படங்கள் மாற்றின. ஆயினும் அங்கு வாழும் செமினோல், மிக்கசூக்கி மக்களை அந்நிலக்காட்சிகளில் காண்பதரிது. சதுப்பும் வனாந்தரமாகத் தகுதிபெற ஆளற்றதாகவே ஆகவேண்டியிருந்தது.

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இவ்விரு தகுதிகளையும் பெறாதது. அங்குச் சிகரமில்லை, ஆளற்றதாக அது ஒருபோதும் இருந்ததுமில்லை. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் ஆகிய ஊர்கள் உள்ளிட்ட நீர்ப்பிடிப்பின் ஏரிகள் நிறைந்து வழியும் நீர் அங்குத் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலோடு சேர்கிறது. ஊரார் அதற்கு இட்ட பெயர் கழுவெளி. நெய்தற் பாடல்களில் நாரையும் மீனும் உப்பும் கண்டலுமாக நிறைந்திருக்கும் ‘கழி’யை நினைவூட்டும் சொல் அது. நிருவாகத்தின் கண்ணிலோ அது நெடுங்காலம் பயனற்ற வெற்றிடம். பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, சாலைகள், நிறுவன வளாகங்கள், குடியிருப்புகள் என அதன் பரப்பு சுருங்கியது. ‘கழி’ என்பதும் ‘கழிவு’ என்பதும் ஒலியால் நெருங்கியவை. நகரம் அவற்றைப் பொருளாலும் ஒன்றாக்கிவிட்டது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1247.54 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் 2015 டிசம்பர் வெள்ளம் நினைவூட்டியதுபோல, வெற்றிடம் எனக் கருதப்பட்டது நீரின் இடமாக இருந்தது என்பதை நகரம் பிந்தியே உணர்ந்தது.

ஒளிப்படம் பள்ளிக்கரணையை அழித்தது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. நிலத்தை அழிப்பவை சந்தையும் திட்டமும் ஆவன. எந்நிலம் காக்கத்தக்கது என்னும் உணர்வைக் காட்சிகள் உருவாக்குகின்றன என்பதே வாதம். இன்று இச்சதுப்பின் படங்களில் பெரும்பாலானவை தொலைவில்லையால் எடுத்த பறவைப் படங்கள். பூநாரை சட்டகத்தை நிறைக்க, நிலம் பின்னே நிறக்குழம்பாகக் கலைகிறது. பெரும்படல மரபு கருப்பொருளை நீக்கி முதற்பொருளைக் காட்டியது. இம்மரபு முதற்பொருளைக் கலைத்துக் கருப்பொருளில் ஒன்றை மட்டும் காட்டுகிறது. இரண்டிலும் திணை முழுமையடையவில்லை.

இதற்கு மாற்றாக அமையத்தக்க முன்மாதிரி ஒன்று உண்டு. 1975இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்தில் ‘புதிய நிலவரைவியல்’ எனப் பொருள்படும் கண்காட்சி நடைபெற்றது. ராபர்ட் ஆடம்ஸ் உள்ளிட்டோர் கொலராடோ முதலிய இடங்களின் புறநகர் வீடுகள், கிடங்குகள், சாலைகளை மலைப்பின்னணியோடு எடுத்துக் காட்டினர். பெரும்பாலும் கருப்பு வெள்ளையே. சிலர் பெரும்படலமே கையாண்டனர். ஆயின் வனாந்தரம் முடிந்து நகரம் தொடங்கும் விளிம்பே அவர்களின் பொருள். அவர்களிடமும் மனிதர் குறைவே எனினும், மனிதச் செயல் சட்டகத்துக்குள் வந்துவிட்டது. வேளச்சேரி – தாம்பரம் சாலையின் ஒருபுறம் கோரையும் மறுபுறம் அடுக்ககங்களும் நிற்கும் இப்பகுதிக்குப் பொருந்தும் பார்வை இதுவே. குப்பைமேட்டையும் நாரையையும் மின்கம்பத்தையும் மீன்பிடிப்பவரையும் ஒரே துலக்கத்தில் ஒரே தகட்டில் நிறுத்தும் ஆற்றல் பெரும்படலத்துக்கு உண்டு. அவ்வாற்றலை இம்மரபு இதுவரை பாறைக்கே செலவிட்டுள்ளது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• பெரும்படலக் கருப்பு வெள்ளை நிலக்காட்சிகளில் காணும் வெறுமை, தொடக்கத்தில் நீண்ட ஒளியூட்டல் நேரத்தாலும் தகட்டின் நிறக்குருட்டாலும் விளைந்தது. பின்னர் அழகியல் தெரிவாக நிலைபெற்றது.

• ‘வனாந்தரம்’, பாலையைப் போலவே, ஓர் இடமன்று. பொழுது நிலத்தின்மீது செயற்பட்டு உருவாக்கும் ஒரு நிலைமை. அப்பொழுது சில இடங்களில் கருவியின் பொழுது. யோசெமிட்டியில் படையெடுப்பின் பொழுதுமாகும்.

• யானைமலை, நீலகிரிப் புல்வெளி ஆகியவற்றின் படங்கள், வாழ்ந்த நிலத்தை மூலப்பொருளாகவோ தரிசாகவோ காணும் பார்வையோடு ஒத்துச்செல்கின்றன; அதேவேளையில் அப்பார்வையை மறுக்கத் தேவையான தடயங்களையும் தம்முள் காத்து வைத்துள்ளன.

• முதலும் கருவும் ஒருங்கே துலங்கும் ஒளிப்படமே திணைநோக்கில் நிறைவுடையது. கழுவெளி போன்ற நிலங்களுக்கு அத்தகைய காட்சி மரபு இனித்தான் உருவாக வேண்டும்.

நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ள சென்னை மாகாண நிலக்காட்சிப் படங்களை, அவற்றில் பதிந்துள்ள பாதை, வயல், மேய்ச்சல், நீர்நிலைத் தடங்களின் அடிப்படையில் மீண்டும் அட்டவணைப்படுத்துவது தமிழ் ஆய்வுலகம் மேற்கொள்ளத்தக்க பணி. அப்பணிக்கு ஊர்ப்பெயரும் நிலச்சொல்லும் அறிந்த தமிழாய்வாளர் இன்றியமையாதவர். ஒரு படத்தின் தலைப்பில் ‘பாறை’ என்றிருக்கும் இடத்தில் ‘யானைமலை’ என எழுதுவதிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.